பட்டம் யார் பெயரில்?

பட்டம் எதற்கு, படிப்பு போதாதா என்று கதாநாயகன் கேட்கிறான். அரங்கம் அதிரக் கைதட்டுகிறது. கைதட்டியவர் யார்? அந்தப் பட்டத்துக்காகவே கண் விழித்து, கடன் வாங்கி, வீட்டு நகையை அடகு வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள்! விந்தையாக இல்லையா, தோழர்களே?

2009ஆம் ஆண்டு ராஜ்குமார் ஹிரானி இந்தியில் எடுத்த '3 இடியட்ஸ்' இந்த விந்தையைச் செய்தது. 2012 பொங்கலுக்கு ஷங்கர் இயக்கத்தில் தமிழில் வந்த 'நண்பன்' அதையே மீண்டும் செய்தது. இவ்விரண்டுக்கும் வித்து, 2004இல் வெளியான சேத்தன் பகத்தின் 'ஃபைவ் பாயிண்ட் சம்ஒன்' என்னும் ஆங்கில நாவல். தொழில்நுட்பக் கல்லூரியின் வகுப்பறை, விடுதி, தேர்வு, தேர்ச்சி, தோல்வி ஆகியவற்றை இலட்சக்கணக்கானவர்களின் கண்முன் நிறுத்திய கதை இது. பொறியியல் மாணவன் எப்படி வாழ்கிறான் என்பதை, அந்தக் கல்லூரி வாயிலை மிதித்தறியாத தாய் தந்தையர் இந்தப் படங்களின் வழியாகத்தான் அறிந்தனர். ஆகவே இதைப் 'பொழுதுபோக்கு' என்று தள்ளிவிட இயலாது. கதை என்ன சொல்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்பதையும் ஆராய்ந்தாக வேண்டும்.

பாராட்டத்தக்கது எது?

குறை காண்பதே குறிக்கோளாக நாம் வரவில்லை. நிறை இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

எந்திரம் என்றால் என்ன என்று ஆசிரியர் கேட்கிறார். மனித உழைப்பைக் குறைக்கும் எதுவும் எந்திரமே என்று எளிய சொல்லில் விளக்குகிறான் மாணவன். வெளியே போ என்கிறார் ஆசிரியர். புத்தகத்தில் உள்ள சொற்றொடரை, ஒரு காற்புள்ளியும் பிசகாமல் ஒப்பித்தவனுக்குப் பாராட்டு! நம் நாட்டு வகுப்பறையின் நோயை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை. பொருளை அறிந்தவன் தெருவில். சொல்லை விழுங்கியவன் அரியணையில். வேதத்தை ஓதக் கற்றுக்கொடுத்து, பொருள் கேட்பதைக் குற்றமாக்கிய பழைய பள்ளியின் பேரப்பிள்ளைதான் இந்தப் புதிய பள்ளி. எந்திரங்களின் நடுவே அமர்ந்தும் மந்திரப் படிப்பு மாறவில்லை.

விரல்தோறும் மோதிரம், சுவரெல்லாம் சாமி படம் என்று அஞ்சி அஞ்சிச் சாகும் ராஜுவைப் படம் நகைக்கிறது. மோதிரத்தைக் கழற்றிய பிறகே அவனுக்கு முதுகெலும்பு நிமிர்கிறது. நம் இளைஞர் கைதட்ட வேண்டிய இடம் அது. தேர்வில் பெற்ற மதிப்பெண்ணின் வரிசைப்படி மாணவரை நிழற்படத்துக்கு அமர்த்தும் முறையைப் படம் காட்டுகிறது. பிறப்பால் வரிசை வகுத்த நாடு, மதிப்பெண்ணால் இன்னொரு வரிசை வகுத்துக்கொண்டதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. இவை அனைத்தும் நன்று, மிக நன்று.

நன்மையைச் சொல்லிவிட்டோம். இனி நெஞ்சில் தைக்கும் முள்ளுக்கு வருவோம்.

கதையின் முடிச்சு

ராஞ்சோ என்று எல்லாரும் அழைத்த அந்த நாயகன் யார்? கல்லூரிப் பதிவேட்டில் உள்ள பெயர் ரஞ்சோட்தாஸ். பெருஞ்செல்வரின் பிள்ளை. ஆனால் அந்தப் பெயரில் வந்து படித்தவன் அந்தப் பிள்ளையல்ல! அந்த மாளிகையின் தோட்டக்காரனுடைய மகன். அறிவுப் பசி கொண்ட சிறுவன். சீமான் வீட்டுப் பையனின் வீட்டுப் பாடங்களை எழுதித் தந்தவன். சீருடை அணிந்து ஏதேனும் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தவன். உண்மை வெளிப்பட்டபோது சீமான் என்ன செய்தார்? அடித்தாரா? விரட்டினாரா? இல்லை. அதைவிடக் கூர்மையான வழி கண்டார். 'படி, உன் விருப்பம்போல் படி. ஆனால் பட்டம் என் மகன் பெயரில் வர வேண்டும். படித்து முடித்ததும் நீ காணாமற்போக வேண்டும்' என்பதே ஏற்பாடு.

அவன் படித்தான். வகுப்பில் முதல்வனாகத் தேறினான். சொன்னபடியே காணாமற்போனான். பட்டம் சீமான் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

இதற்கு நம் மொழியில் ஒரு பெயர் உண்டு: ஆள்மாறாட்டம். சட்டத்தின் முன் அது குற்றம். ஆனால் நாம் கேட்பது சட்டத்தின் கேள்வியன்று, நீதியின் கேள்வி. உழைத்தவன் ஒருவன், உரியவன் வேறொருவன்! உழுதவன் ஒருவன், களத்து நெல்லை அளந்து கொண்டுபோகிறவன் வேறொருவன்! வயலில் நடந்த கொள்ளை வகுப்பறைக்கும் வந்துவிட்டது. முன்பு விளைச்சலைப் பறித்தார்கள். இங்கே அறிவின் விளைச்சலையே பறிக்கிறார்கள். ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டார்கள். இவனிடம் பெயரைக் கேட்டார்கள். விரலை இழந்த வேடனுக்காகக் கண்ணீர் விட்டவர்கள், பெயரை இழந்த இந்தத் தோட்டக்காரன் மகனுக்காக ஒரு சொட்டும் விடவில்லை. ஏன்? அவனே சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டான்! 'பட்டம் உனக்கு, படிப்பு எனக்கு' என்பதுபோல் மகிழ்ந்து கொடுத்துவிட்டான். பறிகொடுத்தவனையே புன்னகைக்க வைத்துவிட்டால், பார்த்திருப்பவனுக்குப் பறித்தவன்மீது சினம் வருமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். நாவலில் இந்த முடிச்சே இல்லை. அங்கு ரயன் என்பவன் வசதி படைத்த வீட்டுப் பிள்ளை. அவன் பெயரில் அவனேதான் படிக்கிறான். தோட்டக்காரன் மகனைக் கொண்டுவந்தவர்கள் படம் எடுத்தவர்கள். ஏழையின் கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தைப் போற்றுவோம். ஆனால் வாசல்வரை வந்துவிட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டார்களே!

படத்தில் பட்டத்தின் அருமையைச் சரியாக அறிந்தவர் ஒருவரே. அவர் நாயகனல்லர், அந்தச் சீமான். வெறுங்காகிதம் என்றால் அதற்காக இத்தனை சூழ்ச்சி எதற்கு? இத்தனை செலவு எதற்கு? இத்தனை ஆண்டு மறைப்பு எதற்கு? செல்வம் இருந்தது, மாளிகை இருந்தது, ஏவலுக்கு ஆள் இருந்தது. அவ்வளவும் இருந்தும் பட்டம் வேண்டியிருந்தது அவருக்கு. ஒன்றுமே இல்லாதவனுக்கு மட்டும் அது வேண்டாமாம்!

மில்லிமீட்டருக்குச் சொன்ன வழி

விடுதியில் மாணவர்க்கு எடுபிடி வேலை செய்யும் சிறுவன் ஒருவன் வருகிறான். மில்லிமீட்டர் என்று செல்லப் பெயர். தொழில்நுட்பக் கல்லூரி வாழ்க்கையில் எழுத்தாளர் கண்ணில் படாத ஒருவனைப் படம் கண்ணெடுத்துப் பார்த்தது பெரிது. எந்திரவியலின் நுட்பத்தை விளக்கும் கட்டடத்தின் நிழலிலேயே, எழுத்தறியாத பிள்ளை துணி சுமக்கிறான் என்பது எவ்வளவு பெரிய உண்மை!

அவனுக்கு நாயகன் தரும் அறிவுரை என்ன? பள்ளியில் சேரப் பணம் வேண்டாம், சீருடை ஒன்று வாங்கிக்கொள், கூட்டத்தோடு கூட்டமாய் வகுப்பில் போய் உட்கார், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதுதான்.

அரங்கம் சிரித்தது. நாம் சிந்திப்போம். 2009 என்பது, 6 முதல் 14 வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய ஆண்டு. அதே ஆண்டில், கல்வியைத் திருடிக்கொள் என்று ஏழைச் சிறுவனுக்கு ஒரு படம் வழி சொல்கிறது. உரிமையாகக் கேட்க வேண்டியதைத் தந்திரமாகப் பெறு என்கிறது. ஒருவன் தந்திரத்தால் உள்ளே நுழையலாம். ஊரே நுழைய வேண்டுமானால் வாயிலைத் திறக்க வேண்டும். நுழைந்தவனின் சாமர்த்தியத்தைப் பாடும் கலை, வாயிலைப் பூட்டியவனை மறந்துவிடுகிறது.

ஊரின் முதல் பொறியாளன்

படத்தின் உண்மையான உயிர் ஒரு சிறு பாத்திரத்தில் இருக்கிறது. இந்திப் படத்தில் அவன் பெயர் ஜாய் லோபோ. பறக்கும் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருப்பவன். குறித்த நாளுக்குள் முடியவில்லை. கல்லூரித் தலைவரிடம் வந்து, பட்டமளிப்பு விழா எந்நாள் என்று பணிவோடு கேட்கிறான். தன் ஊரிலிருந்து வரும் முதல் பொறியாளன் அவன். தந்தை முன்கூட்டியே தொடர்வண்டிக்குச் சீட்டு எடுக்க வேண்டும். ஊராரும் விழாவைக் காண விரும்புகிறார்கள். தலைவர் அவன் தந்தையையே தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டு உங்கள் மகனுக்குப் பட்டம் இல்லை என்று அறிவித்துவிடுகிறார். அவன் தூக்கில் தொங்குகிறான்.

இந்த ஒரு காட்சி, படத்தின் முழு உபதேசத்தையும் உடைத்தெறிகிறது. பட்டம் என்பது வெறுங்காகிதம் என்றால் ஜாய் ஏன் மாண்டான்? அவனுக்கு அது காகிதமன்று. அப்பனும் ஆத்தாளும் ஊரும் உறவும் ஏறிவரும் தொடர்வண்டி அது. தலைமுறை தலைமுறையாகக் கைநாட்டு வைத்தவர்கள் ஒரு நாள் உயர்ந்த மண்டபத்தில் அமர்ந்து, தங்கள் பிள்ளையின் பெயர் உரக்கப் படிக்கப்படுவதைக் கேட்கும் நாள் அது. பெயர்! அந்தப் பெயர் படிக்கப்படுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜாயின் சாவுக்கு அழுத படம், அடுத்த பாதியில் பெயரே இல்லாமல் பட்டத்தைத் தாரைவார்த்தவனைப் போற்றுகிறது. எழுதியவர்கள் தங்கள் கதையையே சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மேதையா, மனிதனா?

'ஆனால் அந்தத் தோட்டக்காரன் மகன் முடிவில் பெரிய விஞ்ஞானி ஆகிறானே? 400 காப்புரிமைகளுக்கு உரியவன் ஆகிறானே? பட்டம் இல்லாமலே வென்றானே?' என்று கேட்பார்கள்.

ஆம், வென்றான். மேதையாக இருந்ததால் வென்றான். இங்குதான் நாம் இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். நாவலின் பெயரே என்ன? பத்துக்கு ஐந்து புள்ளி பெற்றவன் என்பது. டில்லியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, படிப்பில் பின்தங்கி, குறும்பு செய்து, வினாத்தாளைத் திருடப் போய் அகப்பட்டு, எப்படியோ தேறி வெளியேறும் மூன்று பையன்களின் கதை. நடுத்தரமாக இருப்பதற்கும் மாணவனுக்கு உரிமை உண்டு, மதிப்பெண் குறைந்ததால் மனிதன் குறைந்துவிட மாட்டான் என்பதே அந்த நாவலின் நல்ல செய்தி. அந்த மூவருக்கும் பட்டம் கிடைக்கிறது. வாழ்வும் கிடைக்கிறது.

இரண்டையும் அருகருகே வையுங்கள். இடம்பெற்ற வீட்டுப் பிள்ளை ஐந்து புள்ளி எடுத்தாலும் பட்டதாரி. தோட்டக்காரன் மகன் முதல்வனாகத் தேறினாலும் பட்டம் இல்லை; பிழைக்க வேண்டுமானால் 400 கண்டுபிடிப்புகள் செய்தாக வேண்டும்! ஒருவனுக்குத் தவறு செய்யவும் உரிமை. மற்றவனுக்கு மேதையாக இருந்தால்தான் மன்னிப்பு. அவன் மேதையாக இல்லாமல், நம்மைப் போல் உழைத்தால் தேறும் சாதாரண இளைஞனாக இருந்திருந்தால்? சீமான் வீட்டுத் தோட்டத்திலேயே மண் கொத்திக்கொண்டிருப்பான், கதையே இருந்திராது.

'தகுதி, திறமை' என்று காலமெல்லாம் முழங்கும் கூட்டத்தின் அளவுகோலும் இதுவேதான். எங்களில் சராசரி போதும், உங்களில் மேதை வேண்டும் என்கிறது அது. படம் அதை வெறுத்து எடுக்கப்பட்டதன்று. அறியாமலே அதற்குத் தாளம் போட்டுவிட்டது.

பெண்ணெங்கே?

மூன்று படைப்புகளிலும் கதையை நடத்திச் செல்லும் பொறியியல் மாணவி ஒருத்தியைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டாள். பெண் வருகிறாள், பேராசிரியரின் மகளாக, காதலியாக. போதாக்குறைக்கு, மனப்பாடக்காரன் மேடையில் பேசும் உரையில் ஒரு சொல்லை மாற்றிவைத்து, பெண்ணைச் சிதைக்கும் வன்கொடுமையைச் சிரிப்புக்கு உரிய சொல்லாக்குகிறார்கள். பொருளறியாமல் ஒப்பிப்பதன் இழிவைக் காட்ட வேறு சொல்லே கிடைக்கவில்லையா? இந்தியில் செய்த தவறைத் தமிழிலும் சொல் மாற்றிச் செய்தார்களே, அது எதற்கு?

கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வரலாற்றை யாரேனும் புரட்டியிருந்தால் ஒரு காவியமே கிடைத்திருக்கும். 18 வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற அ. லலிதா 1940களில் அங்கே மின்பொறியியல் படித்துப் பட்டம் பெற்றார். அவரோடு தெரேசியா, லீலம்மா என்னும் இருவரும் பயின்றனர். பட்டச் சான்றில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதித் தர வேண்டியதாயிற்று. மூலையில் முடங்கு என்று சமுதாயம் கட்டளையிட்ட கைம்பெண், அச்சடித்த சொல்லையே அடிக்கவைத்தார்! பட்டம் வெறுங்காகிதமா? அந்தக் காகிதத்தின் மீது விழுந்த ஒரு கோடு, ஆயிரம் ஆண்டு வழக்கத்தின் மீது விழுந்த கோடு.

தமிழுக்கு வந்தபோதாவது...

இந்தியில் எடுத்தவர்களுக்கு இந்த மண்ணின் வரலாறு தெரியாமல் போகலாம். 'நண்பன்' எடுத்தவர்களுக்குமா? விஜய், ஜீவா, ஸ்ரீகாந்த் நடித்தனர், ஊரும் பேரும் மாறின, பாடல் மாறியது. முடிச்சு மட்டும் மாறவில்லை.

பொறியியற் கல்லூரியில் இடம் என்பது இந்த நாட்டில் எத்தகைய போர்க்களமாக இருந்தது! 14 இடங்கள் என்றால் எந்த வகுப்பாருக்கு எத்தனை என்று பங்கிட்ட அரசாணை, 1951இல் உச்சநீதிமன்றத்தில் வீழ்ந்தது. வழக்குத் தொடுத்தவர் இருவரில் ஒருவர் கேட்டது பொறியியற் கல்லூரி இடத்தைத்தான். தமிழகம் கொதித்தெழுந்தது, அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1953இல், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. ஏட்டுக் கல்வி மட்டும் கல்வியாகாது, கைத்தொழிலும் உயர்வே என்று அதற்கு அன்று சொன்ன சமாதானம் எவ்வளவு இனிமையாக இருந்தது! அந்த இனிமைக்குள் இருந்த நஞ்சை நாடு கண்டுகொண்டது. 1954இல் திட்டம் போயிற்று. 'பட்டம் எதற்கு, திறமை போதும்' என்ற பாட்டு புதிதல்ல, தோழர்களே. பழைய பாட்டுக்குப் புதிய மெட்டு.

அதே கிண்டியில் 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. அத்தகைய கழகங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு வந்தது 1973இல். பிற்படுத்தப்பட்டோர்க்கு வந்தது 2008இல்! மாநிலத்தின் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் 2021இல் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவும் தட்டித் தட்டித் திறந்தது. 'முதல் பட்டதாரி' என்ற சொல்லையே அரசாணையில் ஏற்றிய நாட்டில், முதல் பட்டதாரியாக வேண்டியவன் பட்டத்தை முதலாளி மகனுக்கு விட்டுக்கொடுக்கும் கதையை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்தார்களே!

திரையில் இல்லாத கதை

உண்மைக் கதை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்வோம். 2024ஆம் ஆண்டு. உத்தரப்பிரதேசத்து நாள்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த இளைஞன், நுழைவுத் தேர்வில் வென்று தன்பாத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் இடம் பெற்றான். இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். நான்கே நாள் கெடு. பணம் திரண்டது, ஆனால் அன்று மாலை 5 மணிக்குள் செலுத்தி முடிக்க இயலவில்லை. இடம் போயிற்று! தேர்வை அவ்வாண்டு நடத்தியது சென்னைக் கழகம் என்பதால், சென்னை உயர்நீதிமன்றம்வரை வந்தான். பிறகு உச்சநீதிமன்றம் சென்றான். செப்டம்பர் 30ஆம் நாள், அரசமைப்பின் 142ஆம் பிரிவு தந்த தனி அதிகாரத்தைக் கொண்டு, அவனுக்கு இடம் தருமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.

அவன் சீருடை போட்டுக்கொண்டு கூட்டத்தில் ஒளிந்து உட்காரவில்லை. வேறொருவன் பெயரில் படிக்கவும் இல்லை. தன் பெயரில், தன் இடத்தை, நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் நின்று கேட்டான், பெற்றான். இவனல்லவா நாயகன்! இவனைப் பற்றியல்லவா பாட்டெழுத வேண்டும்!

பட்டத்தை வணங்கு என்று நாம் சொல்லவில்லை. படம் போட்டுப் பூசை செய்யும் பொருளன்று அது. மனப்பாடத்தைக் கக்கிப் பெறும் பட்டம் மலிந்ததும், வாணிபக் கடைகளாய்க் கல்லூரிகள் பெருகியதும் நாம் அறியாததல்ல. அந்தக் கேட்டைக் கடிந்துரைக்கும் அளவில் இப்படங்கள் நம் தோழர்கள். ஆனால் கல்வியைத் திருத்துவது வேறு, பட்டத்தை இகழ்வது வேறு. முன்னதைக் கேட்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. பின்னதைப் பேசுகிறவனை மட்டும் சற்று நிறுத்தி, 'ஐயா, உம் வீட்டுச் சுவரில் எத்தனை பட்டம் தொங்குகிறது?' என்று கேளுங்கள்.

பொறியியற் கல்லூரியில் பயிலும் இளைஞனே! படத்தைப் பார், சிரி, மோதிரத்தைக் கழற்று, பொருளறிந்து படி. கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டு. சீமான் வீட்டுச் சுவரில் அந்தப் பட்டம் தொங்கும் காட்சி வரும்போது மட்டும் கையை மடியில் வைத்துக்கொள். அதில் இருக்க வேண்டிய பெயர் உன் தந்தை வைத்த பெயர்.